தொட்டியின் ஆழம்

கண்ணா,

"நீ வேலை பார்த்த கம்பெனி ஏம்மா கவிழ்ந்தது?" என்று போனில் கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் நீ ஒரு தங்கச் சுத்திகரிப்பு ஆலைக்கு இருப்புத் தணிக்கைக்குப் போகிறாய் என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் சேர்ந்தபோது மொத்தம் பதினோரு பேர். தங்கம் உருக்குகிற ஒரு கூடம், ஓர் ஆய்வகம், அவ்வளவுதான். என் வேலை மாற்றுப் பார்ப்பது, அதாவது தங்கம் எவ்வளவு சுத்தம் என்று சோதிப்பது. வந்த கட்டியிலிருந்து அரை கிராம்கூட இல்லாத ஒரு துண்டை வெட்டி, இரண்டரை மடங்கு வெள்ளி சேர்த்து, ஈயத்தகட்டில் பொட்டலம் கட்டி, 1,000 டிகிரிக்கு மேல் காய்ந்த உலையில் எலும்புச் சாம்பல் கிண்ணியில் வைப்பேன். ஈயம் உருகி, செம்பு போன்ற மலிவு உலோகங்களையும் இழுத்துக்கொண்டு கிண்ணிக்குள் ஊறிவிடும். கடைசியில் மிஞ்சுகிற மணியின் மேல் வானவில் போல நிறங்கள் ஓடும், சட்டென்று ஒரு மின்னல் அடித்து அடங்கும். அந்த மணியைத் தட்டி, உருட்டி, சுருளாகச் சுற்றி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவிட்டால் வெள்ளி கரைந்துபோகும். தங்கம் மட்டும் செங்கல் பொடி நிறத்தில், தொட்டால் உதிர்கிற மாதிரி நிற்கும். மறுபடி சூடாக்கினால்தான் மஞ்சளாகும். இருபத்து மூன்று வருஷம் பார்த்தும் அந்த மின்னல் எனக்குச் சலிக்கவில்லை.

கம்பெனி வளர்ந்தது ஒரே ஒரு காரணத்தால். மற்றவர்கள் சரக்கு சுத்தமாகி வந்த பிறகுதான் அதற்கான தங்கத்தைக் கொடுத்தார்கள். நாங்கள் என் ஆய்வு முடிவு வந்த மறுநாளே கொடுத்தோம். வாடிக்கையாளர்கள் குவிந்தார்கள். ஆனால் அவர்கள் தந்த தங்கம் அப்போது உலையில்தானே இருக்கிறது? அதனால் வங்கியிடம் கடனாகத் தங்கம் வாங்கினார்கள். பணமாக இல்லை, தங்கமாகவே கடன், தங்கமாகவே திருப்ப வேண்டும். சுத்திகரிப்புக் கூலி எவ்வளவு சொற்பம் என்று உனக்கே தெரியும். டன் கணக்கில் ஓட்டினால்தான் கட்டுபடியாகும். அதனால் சரக்கைப் பிடிக்க வாடிக்கையாளருக்குச் சலுகையும் கூடிக்கொண்டே போனது. நூற்றுக்கு இவ்வளவு தங்கம் திருப்பித் தருகிறோம் என்று சொன்ன கணக்கு, உண்மையில் எங்கள் கைக்கு வருவதைவிட ஒரு மயிரிழை கூடுதல். ஒருமுறை வருகிற சரக்குக்கு மயிரிழை ஒன்றுமில்லை. வருஷம் முழுக்க ஓடினால் கயிறாகிவிடும்.

பிறகு மின்பகுப்புக் கூடம் வந்தது. உருகிய தங்கத்துக்குள் குளோரின் வாயு ஊதுகிற மில்லர் முறையில் 99.5 சதவீதம் வரைதான் சுத்தமாகும். 99.99 வேண்டுமென்றால் 1874இல் வோல்வில் கண்டுபிடித்த, திரவத்தில் மின்சாரம் செலுத்திச் சுத்தம் செய்கிற இந்த மின்பகுப்பு முறைக்குப் போக வேண்டும். அதில் ஒரு சங்கடம். தொட்டியில் இருக்கிற திரவமே தங்கக் குளோரைடு கரைசல்தான். விற்கவே முடியாத தங்கம் எப்போதும் தொட்டியில் தேங்கி நிற்கும். எங்களுடையதோ கடன் தங்கம்.

ஆண்டு முடிவில் அந்தத் திரவத்தின் மாதிரி என் மேசைக்கு வரும். லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதுவேன். அந்த எண்ணில் தவறே கிடையாது, இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பக்கத்துக் கட்டத்தில் 'கொள்ளளவு' என்று இருக்கும். அதைக் கூடத்து ஆட்கள் அளவுக்கோலை மேலிருந்து நனைத்து, தொட்டியின் வரைபடத்தை வைத்து நிரப்புவார்கள். அடியில் வெள்ளிக் குளோரைடுச் சேறு வருஷா வருஷம் படிந்துகொண்டிருந்தது. கோல் சேற்றில் முட்டியதா, தரையில் முட்டியதா என்று யார் பார்த்தார்கள்? சேற்றையும் தங்கத் திரவமாகவே எண்ணினோம். குறைகிறதே என்று யாராவது கேட்டால், புகைக்குழாயில் இருக்கிறது, தூசுப்பையில் இருக்கிறது, உலைச் செங்கல்லில் இருக்கிறது என்று பதில் தயார். பாதி உண்மையும்கூட. அதனால்தான் நம்பினோம். இரண்டு கட்டத்துக்கும் கீழே கையெழுத்து என்னுடையது.

எங்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்காதே. மயாமியில் 1980இல் தொடங்கிய ரிபப்ளிக் மெட்டல்ஸ் எவ்வளவு பெரிய ஆலை! இருப்புக் கணக்கில் ஓட்டை தெரிந்த பிறகு 2018 நவம்பரில் திவால் மனு போட்டது. உள்ளே இருந்த உலோகம் அனுப்பியவர்களுக்கா, கடன் கொடுத்த வங்கிகளுக்கா என்று நீதிமன்றத்தில் மல்லுக்கட்டினார்கள். உருகிக் கலந்த பிறகு யாருடைய தங்கம் எது என்று சொல்ல முடியுமா?

எங்களிடம் ஒரு வங்கி மட்டும் பிடிவாதமாக, எல்லாத் தொட்டியையும் வடித்து எடை போடு என்றது. எட்டு நாள் கூடம் நின்றது. ஒன்பதாம் நாள் முதலாளி என் மேசைக்கு வந்து, நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றார். நான் எதுவும் கேட்கவில்லை.

எனவே நீ போகிற இடத்தில் ஆய்வகத்தைப் பார்த்து மயங்காதே, அது எங்கேயும் பளபளவென்றுதான் இருக்கும். கொள்ளளவை யார் அளந்தார் என்று கேள். கோலைக் கையில் வாங்கி நீயே இறக்கு. தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்த முடியாது என்பார்கள். நிறுத்தச் சொல். முகமூடி போட்டுக்கொள், அந்தப் புகை பொல்லாதது.

மூடிய பிறகும் என்னை மூன்று மாதம் வைத்திருந்தார்கள். மரத்தளத்தைப் பெயர்த்து எரித்தார்கள், உலைச் செங்கல்லை அரைத்தார்கள், எங்கள் பழைய மேலங்கி, கையுறை எல்லாம் எரிந்து சாம்பலாகி மூட்டை மூட்டையாக வந்தது. நான் நின்ற பலகையும் அதில் இருந்திருக்கும். மாற்றுப் பார்த்தேன், தங்கம் இருந்தது, போதாத அளவு. அந்த அறிக்கையில் மட்டும் எடைக் கட்டத்தை நானே நிரப்பினேன், ஒவ்வொரு மூட்டையையும் என் கையால் தராசில் ஏற்றி.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. லைன் நன்றாக இருக்கும்.

அம்மா