திருவோட்டில் விழுந்த மீன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பௌத்தக் கட்டுரையில், தாய்லாந்து பிக்குகள் அசைவம் சாப்பிடும் படத்தைப் போட்டு, 'புத்தர் வழியிலிருந்து விலகல்' என்று குறிப்பு எழுதியிருந்தீர்கள். விஷயம் நேர் தலைகீழ்.

சில வருடங்களுக்கு முன் தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்குப் போயிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம், பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வந்தார்கள். தெருவோரம் மண்டியிட்டிருந்த ஒரு அம்மா, சோற்றுப் பொட்டலத்தோடு பொரித்த மீனையும் திருவோட்டில் வைத்தார். பிக்கு என்ன ஏதென்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. விநயம் எனப்படும் பிக்குகளின் ஒழுக்க நூலில் உள்ள பழைய விதியும் அதுதான். போட்டதை வாங்கிக்கொள்ள வேண்டும். தனக்காகவே கொன்றது என்று கண்டாலோ, கேட்டாலோ, சந்தேகப்பட்டாலோ தொடக் கூடாது. சைவத்தைக் கட்டாயமாக்கச் சொன்னவர், புத்தரை எதிர்த்த சீடர் தேவதத்தன். புத்தர் மறுத்துவிட்டார் என்றே விநயம் சொல்கிறது.

சாப்பாட்டு விதியை மாற்றியது சீனாதான். உழைக்காமல் கையேந்துபவரை அந்த ஊரில் மதிக்கமாட்டார்கள். மடங்களுக்கு நிலம் வந்தது, சமையற்கட்டு வந்தது. சொந்த அடுப்பை வைத்துக்கொண்டு 'போட்டதைச் சாப்பிட்டேன்' என்றால் யார் நம்புவார்கள்? 6ஆம் நூற்றாண்டில் லியாங் மன்னர் வூ, பிக்குகளுக்கு மதுவும் மாமிசமும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்புறம் மண்வெட்டி. பிக்கு மண்ணைத் தோண்டக் கூடாது என்பது விநயம். ஆனால் 814இல் மறைந்த பாய்ஜாங் என்ற சீன குரு, சான் என்ற தியான மரபைச் சேர்ந்தவர் (ஜப்பானில் இதுவே ஜென்), தள்ளாத வயதிலும் வயல் வேலைக்குப் போனாராம். சீடர்கள் மனசு கேட்காமல் அவருடைய கருவிகளை ஒளித்துவைத்தார்கள். வேலை செய்யாத நாளில் சாப்பாடும் வேண்டாம் என்று பட்டினி கிடந்தார்.

சரி, பகலெல்லாம் களை வெட்டினால் ராத்திரி பசிக்காதா? மதியத்துக்குப் பிறகு பிக்கு சாப்பிடக் கூடாதே! மருந்துக்கு மட்டும் விதியில் இடம் உண்டு. அதனால் இராச்சாப்பாட்டுக்கு 'மருந்துக்கல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜப்பானிய ஜென் மடங்களில் இன்றும் அதே பெயர்தான். இது ஏமாற்று வேலை என்று என் நண்பர் சிரித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதியை மீறுகிறவர்கள் அதன் முன்னால் கொஞ்சம் கூச்சப்பட்டிருக்கிறார்கள்.

திபெத்தின் குளிர் மேட்டில் காய்கறி அரிது. லாமாக்கள் இறைச்சி சாப்பிட்டார்கள். ஜப்பானில் 1872இல் அரசாங்கமே, பிக்குகள் மாமிசம் உண்பதும் மணம் செய்வதும் அவரவர் விருப்பம் என்று ஆணை போட்டது. விலகலைப் பற்றி எழுத இவையெல்லாம் இருக்க, தாய்லாந்துக்காரர் தலையில் ஏன் கட்டினீர்கள்?

அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்