மொய் நோட்டு எழுதியவளுக்கு

பழைய வண்ணாரப்பேட்டை,
மே 18

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வெயில் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்கிறேன். இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டில் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு நெத்திலி வாங்கி வருகிறேன். மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது.

உன் மகள் கயல் அடுத்து என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று கேட்டிருந்தாய், அந்த விஷயத்துக்கு வருகிறேன். ‘ஒரு ரூபாய்கூட விடமாட்டாள், தனியாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலையாகச் சொல்லு’ என்று எழுதியிருந்தாய். அங்கேதான் நீ தப்புப் பண்ணுகிறாய். என் மகன் கல்யாணத்தில் மொய் எழுதினாளே, நீ பந்தியில் இருந்தாய், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் தங்கை மகன் கவரைப் பிரித்துப் பேரையும் தொகையையும் சத்தமாகச் சொல்வான். இவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவாள். ‘எந்த முருகேசன், தண்டையார்பேட்டையா எர்ணாவூரா?’ என்று கேட்காமல் பேனா நகரவில்லை. கூட்டம் சேரச் சேர அவளுக்குக் குஷி. ராத்திரி எண்ணினோம், நோட்டுக்கும் பெட்டிக்கும் ஒரு ரூபாய் பிசகவில்லை.

லிங்கி செட்டி தெருவில், ஏற்றுமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகித வேலை பார்க்கிற ஏஜென்ட் ஆபீசில் 31 வருஷம் நான் பார்த்ததும் இந்த மொய் நோட்டு வேலைதான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் மூன்றிலும் எடையும் பெட்டிக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒருத்தர் வாசிப்பார், இன்னொருத்தர் டிக் அடிப்பார். கண்டெய்னர் நம்பர் என்றால் நாலு எழுத்து, ஏழு எண். கடைசி எண் மற்ற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது, அதனால் நடுவில் இரண்டு எண் இடம் மாறினால் பெரும்பாலும் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்துவிடும். கண்டெய்னர் கதவில் போடுகிற சீல் நம்பருக்கு அந்தக் காவல் கிடையாது. ஒரு தீபாவளிக்கு முதல் நாள், எல்லோரும் ஊருக்குப் போயாச்சு, நானே வாசித்து நானே டிக் அடித்தேன். சீல் நம்பரில் 47 என்பது 74 ஆகிவிட்டது. பெட்டி துறைமுக கேட்டில் நின்றது, கப்பல் போய்விட்டது. அந்த ஆபீசிலேயே நுணுக்கமான ஆள் என்று பேர் வாங்கியவன் நான்! தான் எழுதியதைத் தானே படித்தால் கண் எழுத்தைப் பார்ப்பதில்லை, மனசில் இருப்பதைத்தான் படிக்கிறது.

மருமகள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அங்கேயும் கத்தி வைப்பதற்கு முன் ரத்தம் ஒற்றுகிற மாப் துணி, ஊசி எல்லாவற்றையும் இரண்டு பேர் வாய்விட்டு எண்ணிப் போர்டில் எழுதுகிறார்கள், தைத்து மூடும் முன் மறுபடி எண்ணுகிறார்கள். ஒன்று குறைந்தால் எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த செக்லிஸ்டிலும் இந்த எண்ணிக்கை உண்டு. கயல் காமர்ஸ் குரூப், அதனால் பி.எஸ்சி. நர்சிங் நடக்காது. வேலையின் ஜாடை தெரியட்டும் என்றுதான் சொன்னேன்.

சி.ஏ. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடிட்டரிடம் பயிற்சி எடுக்கிற ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது இரண்டு வருஷம்தான். ஆடிட்டுக்கு நாலைந்து பேராகப் போய் குடோனில் சரக்கை எண்ணுகிற இடமாகப் பார்த்துச் சேர். வவுச்சர் கட்டோடு ஒரு ரூமில் உட்காரவைத்து மறந்துவிடுகிற இடமும் உண்டு. எங்கள் லைனுக்கு வருவதானால், டிகிரி முடித்து, புரோக்கரிடம் வேலை பார்க்கிறவர்களுக்குக் கஸ்டம்ஸ் தருகிற ஜி கார்டோடு இரண்டு வருஷம் வேலை பார்த்து, அப்புறம் கஸ்டம்ஸ் புரோக்கர் பரீட்சை எழுதி அதற்கு மேலான எஃப் கார்டு வாங்கலாம். நான் ஜி கார்டோடு நின்றுபோனவன், சோம்பேறித்தனம்தான். முதல் இரண்டு வருஷம் சம்பளம் வெளியே சொல்கிற மாதிரி இருக்காது, அதையும் அவளிடம் சொல்லிவிடு.

ஜூன் முதல் வாரம் கூட்டி வா. ஆபீசில் பழைய பசங்க இருக்கிறார்கள், ஒரு நாள் அவர்களோடு உட்காரட்டும். சாயந்திரம் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், சாப்பிடலாம். எட்டாம் தேதி தண்டையார்பேட்டை முருகேசன் வீட்டுக் கல்யாணம். நோட்டைப் புரட்டினேன், 1001 என்று தெளிவாக எழுதியிருக்கிறாள். உன் பேர் எவ்வளவு தேடியும் அதில் இல்லை.

உன்,
ராஜேந்திரன்