அப்பாவின் களரியைத் தாங்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் அப்பாவின் பிரிவில் கூட நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்துவிட்டன. இந்த நேரத்தில் அச்சகத்தில் கொடுத்து நான்கு வரியில் நன்றி நவிலல் அடிப்பதுதான் வழக்கம். நேரில் வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கதைத்தவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், சந்தியில் பதாதை கட்டியவர்கள் எல்லோருக்கும் அந்த நான்கு வரி நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தலில் அடுப்பு அணையாமல் பார்த்த அயலவர்களுக்கும், இரவிரவாக விழித்திருந்த பெடியளுக்கும் தனி நன்றி. பெட்டி வாசலைத் தாண்டும்போது ஆர்மோனியத்தோடு வந்து காத்தவராயன் சிந்து பாடிய கலைஞர்களை எப்படி மறப்பது? சாவீட்டில் கூத்துப்பாட்டா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். அப்பாவைக் கேட்டிருந்தால், தாளம் கொஞ்சம் பிந்துகிறது என்று மட்டும்தான் குறை சொல்லியிருப்பார்.

இரங்கல் உரைகளில் பலர் அப்பாவை, தனியொருவராக நின்று முல்லை மண்ணின் கூத்தைக் காத்த அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்கும் ஆசான், என்றார்கள். அன்பினால் சொன்ன வார்த்தை. ஆனால் கூத்தைத் தனி ஆள் காக்க முடியாது என்பது கூத்தாடும் களரிக்குப் பக்கத்தில் ஒரு இரவு இருந்தவர்களுக்குத் தெரியும். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். எங்கள் ஊரில் பலரை இன்னும் வேடத்தின் பெயரால்தான் கூப்பிடுகிறோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

2009 இல் முள்ளிவாய்க்கால் வரை போய், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் ஒரு கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபோது எங்களிடம் கூத்துக் கொப்பி இல்லை. உடுப்புப் பெட்டியும் மத்தளமும் இல்லை. எதை எங்கே விட்டோம் என்று அம்மா இன்றைக்கும் கதைப்பதில்லை. அப்பாவுக்குக் காத்தவராயன் கூத்து முழுவதும் மனப்பாடம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. மெட்டெல்லாம் தெரியும், அடிகள்தான் இடையிடையே அறுந்துபோகும். தண்ணீர் வரிசையில் ஒருநாள், கூத்தின் முற்பகுதியில் காத்தவராயனாக ஆடும் முந்திய காத்தானைக் கண்டார். அந்த மாமாவுக்குத் தன் பாட்டுத் தெரியும். மாரியம்மன் பாடும் கடைசி அடியும் தெரியும், அதைக் கேட்டுத்தானே அவர் களரிக்குள் வரவேண்டும். அப்படி ஒருவரின் வாலைப் பிடித்து அடுத்தவரைத் தேடினோம். ஆரியமாலையாக ஆடிய அண்ணை கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவர் அங்கே நின்று பாட, நாங்கள் இங்கே நின்று எழுதினோம். சின்னானாக ஆடியவர் உயிரோடு இல்லை. அவருடைய பாட்டை அவர் மனைவிதான் சொன்னார், வீட்டில் அவர் பாடிப் பாடி, கேட்டு அலுத்த பாட்டாம். ஓரிடத்திலும் தடக்கவில்லை. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை ஒருத்தி தன் பள்ளிக்கூடக் கொப்பியின் பின்பக்கங்களை இதற்கென்று ஒதுக்கித் தந்தாள். இன்று எங்களிடம் இருக்கிற காத்தவராயன் கொப்பி அதுதான். முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் கூத்து. அந்தப் பிள்ளைக்கும், சின்னானின் மனைவிக்கும், சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட சுற்றுக் கூடாரத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டது.

மீள்குடியேறிய பிறகு முதல் ஆட்டத்துக்கு மின்சாரம் இல்லை, மேடையும் இல்லை. காலபோகம் வெட்டி, சூடடித்து முடிந்த வயலில்தான் களரி போட்டோம். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் மண்ணும் கம்பும் ஏற்றி வந்த தம்பி டீசல் காசுகூட வாங்கவில்லை. டாப்பர் மாமாவாக ஆடியவர் அன்று சனத்தைச் சிரிக்க வைத்தார். அவ்வளவு காலத்துக்குப் பிறகு கூட்டமாக இருந்து சிரித்ததை, விடியப்புறம் காத்தான் கழுமரம் ஏறியபோது அழுததைவிட எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் சந்நிதிக்கும் நன்றி சொல்ல வேண்டும். மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவள் நந்திக்கடற்கரையில் ஆறியிருந்தாள் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரியும் நாட்களில் அப்பா ஒத்திகை எதுவும் வைக்கமாட்டார். முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடிக் கோவலன் கூத்தை அவருக்குப் பழக்கிய பெரியவர்கள் இன்று இல்லை. அவர்களின் பிள்ளைகள் அன்று வந்து தலைமாட்டில் நின்றதே போதும்.

வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் நாடகம் போட்ட காலத்தில் பீரங்கி செய்து தந்த தச்சு ஐயாவுக்கும் நன்றி. 1803 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய பீரங்கி, எங்கள் மேடையில் கறுப்புப் பூச்சு அடித்த பனங்குற்றி. கற்சிலைமடுவில் வன்னியனைத் தோற்கடித்த ஆங்கிலேயப் படையின் ட்றிபேர்க்காக அப்பாவே முகத்துக்கு வெள்ளை பூசி நின்றார். அடுத்த நாள் கடையில் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றச் சிலர் யோசித்தார்களாம். அதைத் தனக்குக் கிடைத்த விருது என்று சொல்லித் திரிந்தார்.

உண்மையான விருதுக்கு விண்ணப்பித்தபோது ஓர் அலுவலகத்தில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். கலைஞர் என்பதற்குப் படம், சான்றிதழ், பத்திரிகைத் துண்டு கேட்டார்கள். போரில் வீட்டையே விட்டு வந்தவரிடம் பத்திரிகைத் துண்டு! எங்கள் ஊர்க் கிழவிகள் இருவர் வெற்றிலைப் பையோடு போய், இவர் ஆடியதற்கு நாங்கள் சாட்சி என்று அங்கேயே பாடத் தொடங்கிவிட்டார்கள். விருது வந்தது. அந்த ஆச்சிமாருக்குத்தான் அது சேரவேண்டும்.

பெண்களை ஆடவிடும் விஷயத்தில் அப்பாவோடு எனக்கு நெடுங்கால வழக்கு. எங்கள் சேலை வேண்டும், நகை வேண்டும், இரவு முழுக்கத் தேத்தண்ணி வேண்டும், ஆனால் ஆரியமாலையாக ஆண்பிள்ளைதான் வரவேண்டும். நான் கொப்பி பிடித்து அடியெடுத்துக் கொடுப்பதோடு சரி. தமிழ்த்தினப் போட்டிக்குப் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளைப் பழக்கச் சொல்லி அவரை விடாமல் வற்புறுத்திய நாடகமும் அரங்கியலும் ஆசிரியைக்கு என் சொந்த நன்றி. பழக்கத் தொடங்கிய பிறகு, பெடியளைவிட இதுகளுக்குத் தாளம் நிற்கிறது என்றார். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னார்.

இனிச் சில வேலைகள். கொப்பி வேண்டியவர்கள் வீட்டுக்கு வாருங்கள், போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு முதற்கொப்பியைத் திருப்பித் தாருங்கள். அப்பா இரவல் வாங்கிய சேலைகள் சில அலுமாரியில் இருக்கின்றன. மயில்கழுத்து நிறத்தில் ஒரு கூறையும் உண்டு. உரியவர்கள் கரையின் அடையாளம் சொல்லி எடுத்துப் போகலாம். வேறு யாருக்காவது அவர் ஏதும் கொடுக்க இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அறுவடை முடிய, வேடம் கட்டாமல் வெள்ளை உடுத்து ஆடும் வெள்ளுடுப்பு ஆட்டம் வைக்க மாணவர்கள் யோசிக்கிறார்கள், அவர்களுக்குப் பந்தல் கம்பும் லைற்றும் தேவை. ஆர்மோனியம் மட்டும் எங்களிடம் இல்லை. அது பிற்பாட்டுக்கார அண்ணையிடம் இருக்கிறது. தரமாட்டார், கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அண்ணாவியாரின் மகள், குடும்பத்தினர் சார்பில்
முள்ளியவளை