குடை பிடித்தவர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

அம்மாவின் முட்டி வலி இப்போது பரவாயில்லை. நீ அனுப்பிய பணம் வந்தது. இனி அனுப்பாதே, அங்கே ஊழியத்துக்கு வைத்துக்கொள். மூன்று வாரமாக உன் குரலைக் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால், "பாஸ்டர் மீட்டிங்கில் இருக்கிறார்" என்று வேறு யாரோ பதில் போடுகிறார்கள். வேலை அதிகம், புரிகிறது.

கம்போடியாவில், பத்தம்பாங்கில் புதுச் சபை திறந்த படத்தை அம்மா பிரேம் போட்டு மாட்டியிருக்கிறாள். எங்கள் பிள்ளை கெமர் மொழியில் பிரசங்கம் பண்ணுகிறான் என்று நானும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் படத்தில் உனக்குக் குடை பிடித்திருக்கிறாரே, அவர் யார்? என் வயது இருக்கும். மறு கையில் உன் பை, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நான் வாங்கிக் கொடுத்ததுதான். அவர் தோள் முழுக்க நனைந்திருக்கிறது. உன் சட்டையில் ஒரு துளி ஈரம் இல்லை.

அங்கே அதுதான் மரியாதை, வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள் என்பாய். இருக்கலாம். ஆனாலும் பையை நீயே தூக்கு.

சின்ன வயதில், ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்க் கதையை எத்தனை தடவை சொல்ல வைத்திருப்பாய்! 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட ஆகவில்லை. சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தது அதே விரல்தான். உனக்கோ அச்சுக் கதை வேண்டாம், "மணல்ல எழுதினதைச் சொல்லுங்கப்பா" என்பாய்.

குழுத் தலைவனாகிவிட்டாய், சந்தோஷம். சாப்பாட்டுத் தட்டை நீயே கழுவு. பையையும் நீயே தூக்கு.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றுதான் இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை மடித்து வைத்திருந்தேன். நான் ஆலயச் செயலாளராக இருந்த வருடம், பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பேராயர் கால் கழுவுவதற்கு, நம் சபைக் குருவான ஐயர் 12 பேரைப் பட்டியல் போட்டார். அதில் ஆலயத்தைப் பெருக்கி மணி அடிக்கும் நம் கோயில்பிள்ளையின் பெயரும் இருந்தது. பேராயர் வருகிறாரே, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டித் தேய்ந்து வெடித்த அந்தக் குதிகாலை எப்படி முன்னால் நீட்டுவது என்று நினைத்தேன். அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். ஐயரிடம், அவருக்கு வேறு வேலை இருக்கிறது என்றேன். வெந்நீர் சுமந்து வந்தவர் அவர்தான். சூடு சரியா என்று விரல் விட்டுப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் முட்டி போட்டுத் தரையைத் துடைத்தார்.

நீ மூன்றாவது பெஞ்சில் இருந்தாய். அந்த வாரம் முழுக்க, "எங்கப்பா காலைப் பேராயர் கழுவினார்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். நான் உன்னைத் தடுக்கவில்லை. அதனால்தான் அந்தக் குடையைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோயில்பிள்ளை இப்போது கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார். சனிக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை, போகிறேன்.

அம்மா முறுக்கு சுட்டு அனுப்புகிறாள். குடை பிடித்த பெரியவருக்கு முதலில் கொடு. அவர் பெயர் என்ன என்று எழுது, ஜெபத்தில் சொல்ல வேண்டும். நீயே எழுது.

அப்பா