அட்டையைத் தட்டிலிருந்து பிரிக்காதீர்கள்: பழைய ரெக்கார்டு வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கு, வணக்கம்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்ப் பழைய ரெக்கார்டு எடுக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேரைக் கடையில் வந்து பார்த்திருக்கிறேன், மீதிப் பேரிடம் வாட்ஸ்அப்பில் விலை கேட்டுப் பேசியிருக்கிறேன். கேட்கப்போவது ஒன்றே ஒன்று. ரெக்கார்டுத் தட்டையும் அது இருக்கிற அட்டை உறையையும் பிரித்து விற்காதீர்கள்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அம்பாசமுத்திரம் ரோட்டு மேல் ஒரு ஊரில் மைக் செட் வைத்திருந்த பெரியவர் தவறிப்போய், அவர் பிள்ளைகள் தகரப் பெட்டிகளில் இருந்த ரெக்கார்டை மொத்தமாக விலை பேசிக் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர் உங்களில் ஒருவர். அதில் எனக்கு வருத்தமே இல்லை, முந்தியவர் வாங்குவதுதான் வியாபாரம். தகவல் தெரிந்து அவர் குடோனுக்குப் போனால், தட்டெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கைவாக்கில் கிடக்கிறது, நடுவில் ஒரு காகிதம்கூடக் கிடையாது. அட்டை எங்கே அண்ணாச்சி என்றேன். "அட்டைக்குத் தனி ரேட்டு, தட்டுக்குத் தனி ரேட்டு தம்பி. அட்டையெல்லாம் காபி கடை டெக்கரேஷனுக்குப் போயிட்டு" என்றார்.

அந்தக் குவியலில் ஒரு நாதஸ்வர எல்.பி., அதாவது நீண்ட நேரம் ஓடுகிற பெரிய தட்டு, இருந்தது. லேபிளில் வித்வான் பெயர் இருக்கிறது, ராகம் இருக்கிறது, உருப்படி இருக்கிறது. தவில் யார்? கூட வாசித்தது யார்? உங்களுக்கே தெரியும், நம் கர்நாடக சங்கீதத் தட்டுகள் பலவற்றில் பக்கவாத்தியக்காரர்களின் பெயர் அட்டையின் பின்பக்கத்தில்தான் இருக்கும். லேபிளில் அதற்கு இடம் கிடையாது. சரி, தட்டை வாங்கிக்கொண்டு அந்தக் காபி கடையைத் தேடிப் போனேன். சுவர் முழுக்க அட்டை. நான் தேடியதும் ஜன்னல் ஓரத்தில், வெயில் நேராக விழுகிற இடத்தில் இருந்தது. பின்பக்கத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். கடைப் பையன் தங்கமான பையன், மறுபேச்சு இல்லாமல் கழற்றிக் கொடுத்தான். பின்பக்கம் முழுக்கப் பசை தடவி பிளைவுட்டில் ஒட்டியிருந்தது. ஓரத்தை நகத்தால் லேசாக எடுத்துப் பார்த்தேன், அச்சு எழுத்தோடு சேர்ந்து உரிந்து வருகிறது. அதற்கு மேல் கை வைக்கவில்லை. இன்றைக்கு அந்தத் தட்டை ஊசியில் போட்டால் தவில் கணீரென்று பேசுகிறது, வாசித்த மனிதர் பெயர் பிளைவுட்டுக்கும் பசைக்கும் நடுவில் இருக்கிறது. அவருடைய பேரப்பிள்ளைகள் இதே ஜில்லாவில் எங்காவது கோயிலில் வாசித்துக்கொண்டிருக்கலாம், தாத்தா ஒரு எல்.பி.யில் வாசித்திருக்கிறார் என்பதே தெரியாமல்.

இது காருகுறிச்சி அருணாசலத்தின் மண். 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் போட்டி போட்டதைக் கேட்காத தமிழர் இல்லை, 1964இல் நாற்பது சொச்சம் வயதிலேயே போய்விட்டார். செங்கோட்டையில் பிறந்த நாடகப் பாடகர் கிட்டப்பாவும் அப்படித்தான், 1933இல் முப்பதைத் தொடாமலே போனவர். இப்படிப்பட்டவர்களிடமிருந்து மிஞ்சியதில் பெரும்பங்கு தட்டுதான். அந்தத் தட்டு எப்போது, எங்கே, யாரோடு வாசித்தது என்று சொல்வதற்கு மிஞ்சியது உறைதான். கிட்டப்பா காலத்து 78 தட்டுக்கு, அதாவது நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய தட்டுக்கு, படம் போட்ட அட்டை கிடையாது, கம்பெனி பெயர் அடித்த காகித உறைதான், நடுவில் லேபிள் தெரிய வட்டமாக ஓட்டை. அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறீர்கள். அதில் சில நேரம் விற்ற கடையின் ரப்பர் ஸ்டாம்பு இருக்கும். மதுரையில் விற்றதா, திருநெல்வேலி ஜங்ஷனில் விற்றதா, தூத்துக்குடியில் இறங்கியதா என்று சொல்ல வேறு சாட்சி எதுவும் இல்லை.

நான் பதிப்பு பதிப்பாகச் சேர்க்கிறவன். ஒரே கச்சேரிதானே, ஒன்று இருந்தால் போதாதா என்று உங்களில் ஒருவர் கேட்டார். போதாது அண்ணாச்சி. எச்.எம்.வி. கம்பெனியின் எல்.பி.களில் ஈசிஎல்பி என்று தொடங்கும் நம்பர் மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி; ஈசிஎஸ்டி என்று தொடங்குவது ஸ்டீரியோ, இரட்டைத் தட ஒலி. பிந்திய பதிப்பில் லேபிளின் நிறம் மாறும், அட்டையின் கனம் குறையும், சிலவற்றில் படமே மாறும். தட்டில் பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வெறுமையாக ஒரு வளையம் இருக்கிறதே, அங்கே பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் நம்பர் எந்த அச்சிலிருந்து அடித்தது என்று காட்டிவிடும். அது தட்டின் கதை. அட்டையின் கதை அட்டையிலேயேதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் இந்தத் தட்டு இந்த அட்டையில்தான் வெளிவந்தது என்று அடித்துச் சொல்லலாம். நீங்கள் பிரித்த பிறகு வேறு யாரோ மோனோ தட்டை ஸ்டீரியோ அட்டையில் சொருகி விற்கிறார்கள், வாங்கியவர் அதையே உண்மை என்று இணையத்தில் பதிகிறார், அப்புறம் அந்தத் தப்பைத் திருத்த யாராலும் முடிவதில்லை.

வெளிநாட்டில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொல்கிறேன். 1966இல் அமெரிக்காவில் பீட்டில்ஸ் எல்.பி. ஒன்றின் அட்டைப் படத்துக்கு எதிர்ப்பு வந்தது, அந்தப் பாட்டுக் குழுவினர் கசாப்புக் கடைக்காரர் கோட்டுப் போட்டு இறைச்சித் துண்டுகளோடு இருக்கும் படம். கம்பெனி அட்டைகளைத் திரும்ப வாங்கி, பலவற்றில் அதன் மேலேயே வேறு படத்தை ஒட்டி விற்றுவிட்டது. இன்றைக்கு ஒட்டாமல் தப்பியது ஒரு ரகம், ஒட்டியபடியே இருப்பது ஒரு ரகம், மேல்படத்தை உரித்தெடுத்தது ஒரு ரகம் என்று மூன்றாகப் பிரித்து மதிப்புப் போடுகிறார்கள். அட்டை மேல் ஒட்டிய காகிதத்துக்குக்கூட அங்கே வரலாறு இருக்கிறது. நம் நாட்டுத் தட்டுக்கும் அவர்களிடம் மரியாதை உண்டு. பீட்டில்ஸ் பாட்டு இந்தியாவில் அரக்குத் தட்டாக, 78 வேகத்தில் வந்தது, அதைத் தேடி உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. அதே கல்கத்தா தம்தம் தொழிற்சாலையிலிருந்து நம் தமிழ்த் தட்டுகளும் வந்தன. கோயில் கொடைக்குக் கொடை, கல்யாணத்துக்குக் கல்யாணம் குழாய் கட்டிப் போட்ட தட்டுகள் அவை. தெருவோரத் தூசியில், மாட்டுவண்டியிலும் சைக்கிள் கேரியரிலும் போய்வந்தும்கூட அட்டை கலையாமல் காப்பாற்றி வைத்தார்கள் அந்த மைக் செட்காரர்கள். பாட்டு முடிந்ததும் துடைத்து, அதே அட்டையில் போட்டு, அட்டையில் நம்பர் எழுதி அடுக்கியவர்கள். அவ்வளவு பக்குவமாக வைத்திருந்ததை நாம் ஒரே மத்தியானத்தில் கலைத்துப் போடுகிறோம்.

வியாபாரக் கணக்காகவே பேசுவோம், நீங்கள் குடும்பம் நடத்த வேண்டியவர்கள், எனக்குப் புரிகிறது. சேர்க்கிறவர்கள் தட்டுக்குத் தனியாகவும் அட்டைக்குத் தனியாகவும் தரம் பார்ப்பார்கள். மின்ட், நியர் மின்ட், விஜி ப்ளஸ் என்று நீங்களே எழுதிப் போடுகிறீர்களே, அதுதான். ஆனால் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் நல்ல விலை. அட்டையில்லாத தட்டை யார் எடுக்கிறார்? பாதிக்கு மேல் கடிகாரம் செய்கிறவரிடம் போகிறது, கொஞ்சம் சூடு காட்டினால் இளகுகிற சாமான் என்பதால் கிண்ணமாகவும் வளைக்கிறார்கள். அறுபது வருஷம் பாடிய தட்டில் முள் சுற்றுகிறது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, மன்னிக்க வேண்டும்.

உங்களை மட்டும் சொல்லவும் கூடாது. எத்தனையோ பள்ளிக்கூடத்திலும் படிப்பகத்திலும் அலமாரி ஒழிக்கிறோம் என்று ரெக்கார்டை ஆக்கர் கடைக்கு எடை போட்டார்கள், ஒரு வாத்தியாரும் தடுக்கவில்லை. இப்போது புதிதாக வினைல் அடித்து ஆயிரக்கணக்கில் விலை வைக்கிற கம்பெனிகள் பழைய அட்டையை மங்கலாக நகல் எடுத்து முன்பக்கத்தில் போடுகிறார்கள், பின்பக்கத்தில் இருந்த வயலின்காரரும் மிருதங்கக்காரரும் காணாமல் போகிறார்கள். அவர்களிடம் அசல் அட்டையே இருக்காதோ என்னவோ. நாடகம், வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம் என்று நம் பக்கத்துக் கலை எதற்குமே சரியான ஆவணம் இல்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். ஆவணம் இருக்கத்தான் செய்தது, தகரப் பெட்டியில், அட்டை போட்டு.

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது. கேட்க வந்ததை மறுபடி பணிவாகவே கேட்கிறேன். பெட்டி கைக்கு வந்தால் எந்தத் தட்டு எந்த அட்டையில் இருக்கிறதோ அப்படியே வையுங்கள், நிமிர்த்தி அடுக்குங்கள், வெயில் படாமல் வையுங்கள். டெக்கரேஷனுக்கு அட்டை வேண்டும் என்று யாராவது வந்தால், தட்டு உடைந்துபோன அட்டை எவ்வளவோ கிடக்கிறதே, அதைக் கொடுங்கள், இல்லாவிட்டால் கலர் நகல் எடுத்துக் கொடுங்கள், சுவரில் மாட்டினால் வித்தியாசம் தெரியாது. அப்படியும் பிரித்தே ஆக வேண்டிய நெருக்கடி வந்தால், பிரிப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், லேபிள் இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுத்து எங்களில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். நாதஸ்வரம், நாடகப் பாட்டு, வில்லுப்பாட்டு இந்த மூன்றுக்கும் மட்டுமாவது இதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. விலை நீங்கள் சொல்வதுதான். தட்டும் அட்டையும் சேர்ந்திருந்தால் அதில் நான் பேரம் பேச மாட்டேன், என்னோடு சேர்க்கிற மற்றவர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்புறம், அந்த அம்பாசமுத்திரம் ரோட்டுப் பெட்டியை எடுத்த அண்ணாச்சிக்குத் தனியாக ஒன்று. மிச்ச அட்டைகள் காபி கடைக்குப் போகாமல் இன்னும் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நானே வந்து, உங்கள் குடோனிலேயே உட்கார்ந்து, எந்தத் தட்டு எந்த அட்டைக்கு என்று நம்பர் பார்த்துச் சேர்த்துக் கொடுக்கிறேன். கூலி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களிடம் ரெக்கார்டு வாங்குகிற பாளையங்கோட்டைக்காரன்