ஸ்பானிஷில் எழுதியவருக்கு இங்கிலீஷில் போன கடிதம்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. "எதிரே நிற்கிறவர்கிட்ட பஸ்ஸுக்குக்கூடக் காசு இருக்காதும்மா. நம்ம பக்கம் ஒரு கவுண்டியே இருக்கு. இதுல ஜெயிச்சு என்ன பெருமை?" என்றாய். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். ஆனால் படுத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. இருபத்திரண்டு வருடமாக இதே வேலையில், ஒரு கவுண்டிக்கு வக்கீலாக, இருப்பவள் நான். நீ திங்கட்கிழமை அந்த நாற்காலியில் உட்காருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் பாட்டி சொன்னதைச் சொல்கிறேன். உனக்கு வேலை கிடைத்த விஷயத்தைச் சொன்னதும், "கொலைகாரனை எல்லாம் ஜெயிலுக்கு அனுப்புவாளா?" என்று கேட்டாள். நம் ஊர்க் கணக்கில் விளக்கினேன். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி. கிரிமினல் வழக்கைப் பார்க்கிறவர் பி.பி., அரசாங்கத்தின் சிவில் வழக்கைப் பார்க்கிறவர் ஜி.பி.; கலிபோர்னியாவில் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி ஆபீஸ் பி.பி. மாதிரி, நீ சேரும் கவுண்டி கவுன்சல் ஆபீஸ் ஜி.பி. மாதிரி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ தாத்தாவுக்கு எதிரே நின்னாரே, அவர் மாதிரி" என்றாள்.

உனக்கு அந்தக் கதை பாதிதான் தெரியும். தாத்தாவின் நிலத்தை ரோட்டுக்காக எடுத்தார்கள். நஷ்டஈடு போதவில்லை என்று கேஸ் போட்டார். பதினொரு வருடம் வாய்தா வாய்தாவாக நடந்தார். கடைசியில் ஹைகோர்ட் தீர்ப்பின் நகல் தபாலில் வந்தது, முழுவதும் இங்கிலீஷில். நான் அப்போது எட்டாம் வகுப்பு. "வாசிச்சுச் சொல்லு தாயி" என்று கையில் கொடுத்தார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒன்றும் புரியவில்லை. ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரிந்துகொள்ள அவர் மறுநாள் காலையில் பஸ் ஏறி வக்கீலிடம் போனார். தோற்றிருந்தோம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த நானே என்ன செய்தேன் என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். எனக்குக் கொடுத்திருந்தது கிளெய்ம் ஃபைல்கள். கவுண்டியால் உடம்புக்கோ பொருளுக்கோ சேதம் என்றால் நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. 1963-ல் வந்த சட்டப்படி, முதலில் கவுண்டியிடமே எழுத்து மூலமாகக் கோர வேண்டும், அதுவும் ஆறு மாதத்துக்குள். கவுண்டிக்குப் பதில் சொல்ல 45 நாள். ஆறு மாதம் தாண்டி வந்தால், "தாமதமாக வந்தது, ஏற்க முடியாது" என்று திருப்பி அனுப்பலாம். ஆனால் திருப்பும் கடிதத்திலேயே ஒரு பத்தி இருக்க வேண்டும்: தாமதத்துக்குக் காரணம் காட்டி அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லும் பத்தி. அந்த விண்ணப்பத்துக்குச் சம்பவம் நடந்ததிலிருந்து ஒரு வருடம் வரைதான் வழி.

ஒரு கிளெய்ம் பென்சிலில் எழுதி வந்தது, ஸ்பானிஷில். பாதாம் தோப்பில் வேலை பார்ப்பவர். விடிவதற்கு முன் சைக்கிளில் போகும்போது கவுண்டி ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து தோள் எலும்பு முறிந்திருந்தது. நாளை எண்ணிப் பார்த்தேன். ஆறு மாதமும் பதினோரு நாளும் ஆகியிருந்தது. எப்போதும் அனுப்பும் கடிதத்தை எடுத்து, பெயரும் தேதியும் போட்டு, கையெழுத்திட்டு அனுப்பினேன். சட்டம் கேட்ட பத்தி அதில் இருந்தது, எழுத்துக்கு எழுத்து சரியாக, இங்கிலீஷில்.

அவரிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு வருடம் முடிந்து ஃபைலை மூடும்போதுதான் அந்தப் பென்சில் தாளை மறுபடியும் பார்த்தேன். ஸ்பானிஷில் எழுதியவருக்கு நான் இங்கிலீஷில் பதில் போட்டிருக்கிறேன். அவருக்கு இன்னும் ஐந்தரை மாதத்துக்கு மேல் நேரம் இருந்தது. அந்தக் கடிதத்தை யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாரோ! எட்டாவது படிக்கிற மகள் இருந்தாளோ என்னவோ. ஃபைலில் "முடிந்தது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வண்டியில் போய் உட்கார்ந்து அழுதேன், பாப்பா.

நான் அவருடைய வக்கீல் இல்லை. அவருக்கு யோசனை சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. சொன்னால் என் கட்சிக்காரருக்குத் துரோகம். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் சட்டம் அவருக்குத் தெரிவிக்கச் சொன்ன ஒன்றை அவருக்குப் புரிகிற மொழியில் தெரிவிப்பது எப்படித் துரோகமாகும்?

அந்தக் கடிதத்தை ஸ்பானிஷ், பஞ்சாபி, மோங் மூன்றிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்டேன். ஆபீஸில் ஒருவர், "நீ யார் பக்கம்?" என்றார். இன்னொருவர் எழுப்பிய தடை நியாயமானது: மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினால் நாளைக்குக் கவுண்டியின் தலையில்தான் விழும். அதனால் இங்கிலீஷ் பிரதிதான் சட்டப்படி செல்லுபடியாகும் என்று ஒரு வரி சேர்த்து, இரண்டையும் ஒன்றாகப் பின் அடித்து அனுப்புவது என்று முடிவானது. அதற்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அந்த ஒன்றரை வருடமும் இங்கிலீஷ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நீ கேட்டாயே, ஜெயித்து என்ன பெருமை என்று. ஜெயிப்பதைப் பற்றி நான் அதிகம் யோசிப்பதில்லை. கவுண்டி ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் உன் மேஜைக்கு வருகிறதே, அந்த நேரம்தான் உன் கையில் இருப்பது. "செய்யலாமா?" என்று கேட்பார்கள். "செய்யலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுப்பது சுலபம்.

மினசோட்டாவின் ஹென்னபின் கவுண்டி வழக்கை நீ கல்லூரியில் படித்திருப்பாய். ஒரு பாட்டிக்குச் சொந்தமான சின்ன வீடு. வரி பாக்கி சுமார் 2,300 டாலர். வட்டியும் அபராதமும் சேர்ந்து 15,000 ஆகிவிட்டது. கவுண்டி வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்றது. மீதி 25,000-ஐ அவருக்குத் திருப்பித் தரவில்லை. மாநிலச் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. கீழே இரண்டு கோர்ட்டுகளும் கவுண்டி பக்கமே தீர்ப்புச் சொல்லின. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், பாக்கிக்கு மேல் எடுத்தது தவறு என்றார்கள். அப்போது பாட்டிக்கு 94 வயது. அதைப் படித்தபோது எனக்குக் கவுண்டி வக்கீல்களின் நினைவுதான் வந்தது. அந்த 25,000 உங்களுடையது இல்லை, கொடுத்துவிடுவோம் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க முடியுமா? சட்டத்தை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, அது நிஜம். ஆனாலும் அந்தப் பாட்டியை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

இதை வைத்து, எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு இரங்கினால் போதும் என்று எடுத்துக்கொள்ளாதே. உனக்கு முதல் வருடம் குழந்தைகள் நல வழக்குகள்தான் என்று சொன்னாயே, அங்கே இரக்கம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. விஸ்கான்சினில் வின்னபேகோ கவுண்டியில் நான்கு வயதுப் பையன். அப்பா அடிக்கிறார் என்று கவுண்டிக்குத் தெரியும். சோஷியல் ஒர்க்கர் வீட்டுக்குப் போனார், காயங்களைப் பார்த்தார், எல்லாவற்றையும் ஃபைலில் ஒழுங்காக எழுதி வைத்தார். பையனை அந்த வீட்டிலிருந்து எடுக்கவில்லை. 1984 மார்ச்சில் அப்பா அடித்த அடியில் மூளை சேதமாகி, அவன் பிழைத்தும் மீளவில்லை. 1989-ல் ஆறுக்கு மூன்று என்று சுப்ரீம் கோர்ட்டில் கவுண்டி ஜெயித்தது. தந்தையிடமிருந்து காப்பாற்றும் கடமையை அரசியல் சாசனம் கவுண்டி மேல் சுமத்தவில்லை என்பது தீர்ப்பு. அந்த வெற்றியை யாராவது வீட்டில் கொண்டாடியிருப்பார்களா?

எடுக்காமல் விட்டால் அது. எடுத்தால் உன் மேஜைக்கு வரும். பிள்ளையைப் பிரித்த பிறகு, விடுமுறை நாள் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் மனு போட்டாக வேண்டும். மனு போட்டால் அடுத்த கோர்ட் நாளே விசாரணை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ரிப்போர்ட் வரும். களைத்திருப்பாய். அப்போதும் முழுவதும் வாசி, போட்டோவை எல்லாம் பார்.

ஒரு ரிப்போர்ட்டில் "வீட்டில் உணவு இல்லை" என்று இருந்தது. (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன், அவை மூடிய ஃபைல்கள்.) கூடவே காலியான ஃப்ரிட்ஜின் போட்டோ. அதே போட்டோவின் ஓரத்தில் பாதி தெரிந்தது ஒரு பெரிய அரிசி மூட்டை. பக்கத்தில் கருப்பாக, மூடி போட்ட ஊறுகாய் ஜாடி. நம் வீட்டில் ஃப்ரிட்ஜ் வந்ததே நான் காலேஜ் போன பிறகுதான். சோறு இல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. ரிப்போர்ட் எழுதிய சோஷியல் ஒர்க்கருக்குப் போன் செய்து கேட்டேன். அந்தப் பெண் நல்லவள், நேர்மையானவள், அரிசி மூட்டையைப் பார்த்தும் அதை உணவு என்று நினைக்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டோம். அதே ரிப்போர்ட்டில் பையனின் முதுகில் பெல்ட் தழும்பு என்று இன்னொரு வரி இருந்தது. அது உண்மை. அதை வைத்து மனு போட்டேன், கோர்ட்டில் விட்டுக்கொடுக்காமல் வாதாடினேன். அந்த அம்மாவுக்கு கோர்ட் கொடுத்த வக்கீல் என்னை ஒரு வழி செய்தார். சரி, அது அவருடைய வேலை. பொய்யான ஒரு வரி என் மனுவில் இல்லை என்பதால் என்னால் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

இன்னொன்று. உன் கட்சிக்காரர் யார் என்பதில் குழம்பாதே. கவுண்டியை நடத்தும் போர்டில் ஐந்து பேர் இருப்பார்கள். தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள். அதில் ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு போன் செய்து, "இதை அஜெண்டாவில் போடாமல் நாளைக்கே முடிக்க முடியாதா?" என்று கேட்பார், அன்பாகத்தான் கேட்பார். வழக்கமான கூட்டம் என்றால் அஜெண்டா 72 மணி நேரத்துக்கு முன்பே ஊருக்குத் தெரியும்படி ஒட்டியிருக்க வேண்டும். 1953-ல் வந்த சட்டத்தில் பின்னால் சேர்த்த விதி அது. முடியாது என்று மரியாதையாகச் சொல். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நீ வேலை செய்வது அவருக்கு இல்லை, கவுண்டிக்கு. அந்தத் தோப்புத் தொழிலாளி மாதிரி ஆட்களும் அந்தக் கவுண்டியில்தான் குடியிருக்கிறார்கள்.

பெருமைப்படவும் இருக்கிறது, பாப்பா. சான்டா கிளாரா கவுண்டி 2000-ல் குழந்தைகளுக்கு ஆகாத ஈயம் கலந்த பெயிண்ட் விற்ற கம்பெனிகள் மேல் போட்ட வழக்கில் மற்ற கவுண்டிகளும் நகரங்களும் சேர்ந்துகொண்டன. 2019-ல் மூன்று கம்பெனிகள் 305 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு முடிந்தது. பத்தொன்பது வருடம்! வழக்குப் போட்ட அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளை, முடியும்போது காலேஜில் இருந்திருக்கும். ஆரம்பித்தவர்களில் எத்தனை பேர் ரிட்டயர் ஆனார்களோ, அடுத்தவர் ஃபைலை வாங்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். நீயும் யாரோ பாதியில் விட்ட ஃபைலோடுதான் தொடங்குவாய். பழைய ஆள் ஓரத்தில் கிறுக்கி வைத்ததை எல்லாம் வாசி.

உன் படிப்புக் கடன் விஷயம்: அரசு வேலையில் இருந்து 120 தவணை ஒழுங்காகக் கட்டினால் மீதி தள்ளுபடி ஆகும். அதற்கான ஃபார்மை முதல் மாதமே போட்டுவிடு, தள்ளிப் போடாதே.

சாம்பார் பொடியும் பருப்புப் பொடியும் நேற்றே அனுப்பிவிட்டேன். அப்பா உனக்கு ஒரு நல்ல பேனா வாங்கி அதில் வைத்திருக்கிறார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து நீ ஒரு கவுண்டிக்கு வக்கீல், நான் இன்னொரு கவுண்டிக்கு. உன் ஃபைலில் இருப்பதை என்னிடம் சொல்லக் கூடாது, நானும் கேட்க மாட்டேன். பெயர் சொல்லாமல், "அம்மா, இன்னிக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்று மட்டும் சொல். எனக்குப் புரியும். ஆறு மணிக்கு மேல் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா