ஒரு ஜப்பானியப் பாக்கெட் கடிகாரத்தின் பூர்வீகம்: நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

டோக்கியோவில் யூராகுச்சோ ரயில் நிலையத்தை ஒட்டிக் கூடும் பழம்பொருள் சந்தையில் நான் வாங்கிய பாக்கெட் கடிகாரம் எப்போது, யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கண்டறிய உதவிய மூவருக்கு இம்மடல் வழியே நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். விற்றவர் அதை மெய்ஜி பேரரசரின் காலத்தது (1868–1912) என்றார், நானும் நம்பிவிட்டேன். முகப்பில் 'செய்கோஷா' என்ற பெயர் தெளிவாக இருந்தது. பின்மூடியில் இருந்த எழுத்துகளோ தேய்ந்து கிடந்தன.

முதல் நன்றி, நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான அம்மையாருக்கு. தூரிகை எழுத்துப் பயிற்சிக்கான மெல்லிய தாளை மூடியின்மேல் விரித்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, கல்வெட்டைப் படியெடுப்பதுபோல் அவர் மெல்லத் தேய்க்கத் தேய்க்க, 'பன்னிரண்டு', 'கிழக்கு', 'இரும்பு' என்னும் எழுத்துகள் வெள்ளைக் கோடுகளாக எழுந்து வந்தன. ஆண்டுக்கு முன் வரவேண்டிய சகாப்தப் பெயர் மட்டும் அடியோடு அழிந்திருந்தது. பேரரசர் மாறும்போது ஆண்டுக் கணக்கும் ஒன்றிலிருந்து தொடங்கும் நாட்டில், பன்னிரண்டாம் ஆண்டு என்பது மெய்ஜி சகாப்தத்தின் 1879, தைஷோ சகாப்தத்தின் 1923, ஷோவா சகாப்தத்தின் 1937 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

'கிழக்கு இரும்பு' என்பதற்குப் பொருள் சொன்னவர், அவ்வம்மையாரின் உறவினரான ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். நாம் இருப்புப்பாதை என்பதுபோல் ஜப்பானியரும் ரயில்வேயை 'இரும்பு வழி' என்றே எழுதுகிறார்கள். கிழக்கு என்பது டோக்கியோவின் முதல் எழுத்து. இரண்டும் சேர்ந்தால் டோக்கியோ ரயில்வே பணியகம்.

எஞ்சிய முடிச்சை அவிழ்த்தவர் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர். செய்கோ நிறுவனத்தைத் தோற்றுவித்த ஹத்தோரி கின்தாரோ கடை திறந்ததே 1881இல். அவருடைய செய்கோஷா தொழிற்சாலை 1892இல் தொடங்கப்பட்டு, முதல் பாக்கெட் கடிகாரத்தை 1895இல்தான் செய்தது. ஆகவே 1879 அடிபட்டுப்போகிறது என்றார். 1923 செப்டம்பர் 1ஆம் நாள் நிலநடுக்கத்தில் அத்தொழிற்சாலை தீக்கிரையானது. அத்தீயில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போன கடிகாரங்களை கின்சாவிலுள்ள அருங்காட்சியகத்தில் பார்த்திருந்த எனக்கு, என்னுடையது அதற்குத் தப்பிய ஒன்றாக இருக்கக்கூடாதா என்ற ஆசை உள்ளூர இருந்தது. அவர் தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. செய்கோஷாவின் கடிகாரத்தை ரயில்வே அமைச்சகம் ரயில்வே கடிகாரமாக ஏற்றுக்கொண்டது 1929இல்தான். எனவே இது ஷோவா 12, அதாவது 1937 என்று முடித்துவிட்டார். மெய்ஜிக்கு உரிய விலையைக் கொடுத்தது என் அவசரம். அதில் யாரையும் நொந்துகொள்ள இடமில்லை.

பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெயிட்டுத் தந்த அவர், அதற்குக் கூலி வாங்க மறுத்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். சாவி கொடுத்து ஓடத் தொடங்கிய கடிகாரத்தை ஓட்டுநர் ஐயாவிடம் காட்டினேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வெள்ளைக் கையுறை அணிந்த பழைய நாள்களில் செய்ததுபோல் முகப்பைச் சுட்டுவிரலால் சுட்டி, மணி, நிமிடம், நொடி மூன்றையும் உரக்கச் சொன்னார்.

நன்றியுடன்,
கடிகாரத்தின் இப்போதைய உரிமையாளன்
டோக்கியோ